வாசலுக்கு வெளியே போனது யாருடையது?

வணிகம் என்பது கணக்கிலே நிற்கும் தொழில். வந்த சரக்கு இவ்வளவு, போன சரக்கு இவ்வளவு, வரவேண்டிய பாக்கி இவ்வளவு, கொடுக்கவேண்டிய கடன் இவ்வளவு என்று நாள்தோறும் எழுதி, ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டுப் பார்த்து, கணக்கில் ஒரு காசு உதைத்தாலும் அது எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்காமல் உறங்காதவனே நல்ல வணிகன். கடல் கடந்து வந்து, பெட்டியடியில் அமர்ந்து, நாணயம் ஒன்றையே முதலாக வைத்துப் பிழைத்த நம் சமூகத்தாருக்கு இதை எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால், எந்தப் பேரேட்டிலும் இடம் பெறாத சரக்கு ஒன்று ஒவ்வொரு கடையிலும் உண்டு. அதை நாம் காசு கொடுத்து வாங்கியதில்லை; காசுக்கு விற்பதும் இல்லை. ஆயினும் அது நம் கடையிலேயே உற்பத்தியாகி, நாள் தவறாமல் நம் வாசல் வழியே வெளியே போய்க்கொண்டிருக்கிறது. சாப்பாட்டுக் கடையின் கழுநீர், பொரித்து முடித்த எண்ணெய், திரிந்துபோன பால். மளிகைக் கடையின் அழுகிய வெங்காயம், கிழிந்த சாக்கு. ஜவுளிக் கடையின் பிளாஸ்டிக் உறைகள், அட்டைப் பெட்டிகள் ஆகிய இவைதாம் அந்தச் சரக்கு. கழிவு என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

இந்தச் சரக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. நம் வாசலைக் கடந்து வெளியே போன பிறகு அது யாருடையது?

"இதென்ன கேள்வி? எறிந்தபின் அது எவருடையதும் அன்று" என்று சிலர் விடை சொல்லக்கூடும். பொறுங்கள்; வியாபாரத்தின் விதியைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்ப்போம்.

ஒரு பொருள் நம் கையை விட்டு நீங்குவது எவ்வாறு? விற்றால் நீங்கும், அன்பளிப்பாகக் கொடுத்தால் நீங்கும். இரண்டிலும், எதிரே ஒருவர் இருந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். ஈஜாபு ஒரு பக்கம், கபூல் மறுபக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் வியாபாரம் முற்றுப்பெறும் என்பது நம்மவர் அனைவரும் அறிந்தது. வேண்டாம் என்று சொன்னவரின் வாசலில் சரக்கை இறக்கிவிட்டு, "ஒப்படைத்துவிட்டேன்" என்று கணக்கெழுத எந்த வணிகனுக்கும் துணிவு வராது. அப்படியானால் நம் கழுநீரைச் சாக்கடையில் கொட்டும்போது கபூல் சொன்னது யார்? ஆறு சொல்லிற்றா? கடல் சொல்லிற்றா? ஆற்றின் கடைக்கோடியில் வலை வீசும் செம்படவன் சொன்னானா?

"உரிமையை நான் விட்டுவிட்டேனே" என்பது அடுத்த விடை. மெய்தான், உரிமையை நாமாகவே விட்டுவிடலாம். ஆனால் கடனை நாமாகவே விட்டுவிட முடியுமா? கொடுத்தவன் "வேண்டாம்" என்று சொன்னால் கடன் தீரும். வாங்கியவன் "வேண்டாம்" என்று சொன்னால் தீராது. கழிவு என்பது உரிமையின் பக்கத்தில் எழுதப்படும் பொருளா, கடனின் பக்கத்தில் எழுதப்படும் பொருளா? இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், எறிந்த பொருள் என்ன ஆகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்வதே சுற்றுச்சூழல் விஞ்ஞானம். அதன் அடிப்படைப் பாடங்களில் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதற் பாடம்: எதுவும் மறைவதில்லை

பிரான்சு தேசத்தின் லவாய்சியர் என்ற அறிஞர் பொருள்களை மூடிய கலத்தில் வைத்து எரித்தும், முன்னும் பின்னும் நிறுத்தும் பார்த்து, எரிவதற்கு முன் இருந்த மொத்த எடையும் எரிந்த பின் இருக்கும் மொத்த எடையும் ஒன்றே என்று காட்டினார். 1789-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ரசாயன நூல் இந்த உண்மையை உலகறியச் செய்தது. பொருள் உருமாறும், இடம் மாறும், இல்லாமற் போகாது. இது விஞ்ஞானியின் ஐந்தொகை. இதில் ஒரு காசும் உதைப்பதில்லை.

சிங்கப்பூரில் நாம் குப்பைத் தொட்டியில் போடுவது மறைந்துவிடுவதாக எண்ணுகிறோம். மறுசுழற்சிக்குப் போகாதவற்றில் எரியக்கூடியவை ஆலைகளில் எரிக்கப்படுகின்றன. எரித்தால் கன அளவு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மீதி எங்கே? புகையாயிற்று, வடிகட்டிகளைத் தாண்டி வானத்துக்குப் போயிற்று. எஞ்சிய சாம்பல் பெரும்படகில் ஏறித் தெற்கே செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-இல் திறக்கப்பட்ட அந்தக் கிடங்குதான் இந்நாட்டுக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே குப்பைக் கிடங்கு. இப்போதைய வேகத்தில் போனால் 2035-ஐ ஒட்டி அதுவும் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே கணக்கிட்டிருக்கிறது. அதன்பின் வேறொரு செமாக்காவுக்கு இடம் ஏது? மலேசியா பரந்த நாடாயினும், அங்கும் ஒவ்வொரு குப்பை மேட்டின் அருகிலும் ஒரு கம்பமோ ஓர் ஆறோ இருக்கத்தான் செய்கிறது.

ஆகவே "வெளியே எறிந்துவிட்டேன்" என்ற சொல்லில் உள்ள "வெளியே" என்பது நம் கண்ணுக்கு மட்டும் வெளியே. உலகத்துக்கு வெளியே அன்று.

இரண்டாம் பாடம்: தண்ணீரும் மூச்சு விடுகிறது

மீன் நீருக்குள் எப்படி உயிர் வாழ்கிறது? நீரிலே கரைந்திருக்கும் பிராணவாயுவைச் சுவாசித்து வாழ்கிறது. அந்த வாயு நீரில் மிகச் சொற்பம். நம் நாட்டு உஷ்ணத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஏழரை மில்லிகிராம் அளவுதான் கரைந்திருக்கும். நீர் சூடாக ஆக அது இன்னும் குறையும். குளிர் நாட்டு ஆறு தாங்கும் அழுக்கை நம் வெப்ப நாட்டு ஆறு தாங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த நீரில் நாம் உணவுக் கழிவைக் கொட்டுகிறோம். நுண்கிருமிகள் அதைத் தின்று பெருகுகின்றன. தின்னும்போது அவை நீரிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன. இழுத்ததை ஈடுசெய்யக் காற்றிலிருந்து புதிய வாயு கரைய வேண்டும். ஆனால் மேலே எண்ணெய்ப் படலம் மூடியிருந்தால் அதற்கும் வழியில்லை. வாயு தீர்ந்ததும் மீன் மிதக்கிறது. பிறகு பிராணவாயு இல்லாமலே பிழைக்கும் வேறு வகைக் கிருமிகள் வேலையைத் தொடங்குகின்றன. அழுகிய முட்டை நாற்றமும் கறுப்புச் சேறும் அவற்றின் கைவேலை. ஒரு சாக்கடை நாறுகிறது என்றால், அங்கே நீர் மூச்சுத் திணறிச் செத்துவிட்டது என்று பொருள்.

தேநீர்க் கடை நடத்துவோர் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டுகிறேன். பால் நல்ல உணவு. நமக்கு மட்டுமன்று, கிருமிகளுக்கும். ஒரு லிட்டர் பாலைக் கிருமிகள் தின்று தீர்க்க ஏறக்குறைய ஒரு லட்சம் மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் என்று வகுத்துப் பாருங்கள். பதின்மூவாயிரம் லிட்டர் சுத்த நீரிலுள்ள மூச்சு முழுவதையும் நாம் சாக்கடையில் ஊற்றும் ஒரு லிட்டர் திரிந்த பால் விழுங்கிவிடக் கூடும். விஷத்தைக் கொட்டினால்தான் குற்றம் என்பதில்லை. உணவும் தவறான இடத்தில் விஷமே.

அந்தச் சாக்கடை எங்கே போகிறது? சிங்கப்பூரில் இரண்டு குழாய் வழிகள் தனித்தனியே உள்ளன. கழிப்பறை, சமையலறைக் கழிவுநீர் ஒரு வழியாகச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும். மழைநீர் ஓடும் திறந்த கால்வாய், லோங்காங் என்று நாம் வழங்குவது, வேறு வழியாகப் போகும். இந்நாட்டு நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கின் மழைநீர் கால்வாய்கள் வழியே 17 நீர்த்தேக்கங்களைச் சென்று சேர்கிறது. அங்கிருந்து சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் திரும்பி வருகிறது. ஐந்தடியில் கழுவி லோங்காங்கில் தள்ளிவிட்ட நீர், நாம் தேநீர் ஆற்றவும் தொழுகைக்கு ஒளுச் செய்யவும் திறக்கும் குழாயை நோக்கியே பயணம் செய்கிறது.

மூன்றாம் பாடம்: சிறியது சேர்ந்து பெரியதாகும்

ஜப்பானின் தென்பகுதியில் மினமாட்டா என்றொரு கடற்கரை ஊர். அங்கிருந்த ரசாயன ஆலை ஒன்று பாதரசம் கலந்த கழிவைப் பல ஆண்டுகளாகக் கடலில் விட்டு வந்தது. கடல் பெரியது, கழிவு சிறியது, கரைந்துவிடும் என்பது எண்ணம். நடந்தது வேறு. நுண்ணுயிர்களின் உடலில் பாதரசம் தங்கிற்று. அவற்றை ஏராளமாகத் தின்ற சிறுமீனில் அது சேர்ந்தது. சிறுமீனைத் தின்ற பெருமீனில் இன்னும் சேர்ந்தது. படிக்குப் படி பெருகி, மீனைத் தின்ற பூனைகள் பித்துப் பிடித்து ஆடின; பிறகு மனிதர்களுக்குக் கை கால் நடுக்கமும் பார்வைக் குறைவும் வந்தன. 1956-இல் அந்த நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. ஆலைக் கழிவே காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானவர்களாகப் பதிவு பெற்றார்கள். தாய் நலமாகத் தோன்ற, வயிற்றிலிருந்த குழந்தை ஊனமாகப் பிறந்த கொடுமையும் அங்கே நிகழ்ந்தது.

நம் கடையின் கழிவில் பாதரசம் இல்லைதான். ஆயினும் பாடம் ஒன்றே. இயற்கை வட்டி போடும் தராசு. நாம் எழுதாத கணக்கை அது எழுதி வைக்கிறது. வசூலிக்கும்போது, எழுதியவனிடம் வசூலிக்காமல், அந்த வியாபாரத்தில் பங்கே இல்லாத ஒரு குழந்தையிடமும் வசூலித்துவிடுகிறது.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். எறிந்த பொருள் மறையவில்லை. அது வேறொருவரின் நீரையும் காற்றையும் உணவையும் சென்று தாக்குகிறது. அவர் கபூல் சொல்லவும் இல்லை. எனவே கழிவு நாம் கைவிட்ட உரிமை அன்று; நாம் தீர்க்காத கடன். எவர் கையில் அது தீங்கின்றி முடிகிறதோ அதுவரை அது நம் பெயரிலேயே நிற்கிறது.

ஒரு நதியின் கணக்கு

இதற்குச் சாட்சியாக நம் கண்முன்னே ஓடுவது சிங்கப்பூர் நதி. நீளம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் இந்நகரத்தின் வாணிபம் பிறந்தது அதன் கரையில். 1819-க்குப் பின் கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் படகுத் தொழிலில் முதற் பல ஆண்டுகள் முன்னின்றவர்கள் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்கள். 1822-இல் வகுத்த நகரத் திட்டத்தில் அவர்களுக்கென்று ஆற்றங்கரையில் ஓர் இடம் குறிக்கப்பட்டது. சூலியா வீதி இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னர் அத்தொழில் சீனர்களின் கைக்கு மாறிற்று. எனவே அந்த நதியின் வரவில் நம் முன்னோருக்கும் பங்குண்டு. செலவில் மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நூற்றைம்பது ஆண்டு வாணிபத்துக்குப் பின் அந்த நதி கறுத்து நாறியது. யார் கெடுத்தது? ஒரு பெரிய ஆலையைக் காட்டிச் சொல்லும் கதை அன்று அது. சுமார் 800 தொங்கான்களும் சிறு படகுகளும் சிந்திய எண்ணெய். தெருவோரம் கடை போட்ட ஏறத்தாழ 5,000 பேரின் கழுநீர். அடுத்துள்ள காலாங் ஆற்றுப் பக்கத்தில் 600-க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள். 2,800 சிறு பட்டறைகள். கழிப்பறை வசதியற்ற குடிசைகள். ஒவ்வொருவரும் கொஞ்சமே கொட்டினார்கள். "என்னுடைய ஒரு வாளியில் ஆறா கெட்டுவிடும்?" என்று ஒவ்வொருவரும் எண்ணியிருக்கலாம், ஒவ்வொருவரின் எண்ணமும் தனித்தனியே சரிதான். சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஆறு செத்துப் போயிருந்தது.

1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுக்குள் சிங்கப்பூர் நதியையும் காலாங் ஆற்றையும் சுத்தமாக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு இலக்கு வைத்தார். 1987-இல் அது நிறைவேறிற்று. இழப்பீடு நீங்கலாகவே சுமார் 17 கோடி வெள்ளி செலவாயிற்று. ஏறக்குறைய 26,000 குடும்பங்கள் வேறு வீடுகளுக்குப் பெயர்ந்தன. அடிச் சேறு தோண்டி எடுக்கப்பட்டது; மீன்கள் திரும்பின. 2008-இல் மரினா அணை திறக்கப்பட்டு, அந்த நதி வந்து விழும் விரிகுடா குடிநீர்த் தேக்கமாக மாறியது. ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்த நீரை இன்று நகரம் குடிக்கிறது.

இந்த வெற்றியைப் பாராட்டும்போது ஒன்றை மறந்துவிடலாகாது. 1983-இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. ஆற்றோடு பின்னியிருந்த படகுத் தொழில் அங்கே முடிவுக்கு வந்தது. பண்ணைக்காரர் பண்ணையை விட்டார். பட்டறைக்காரர் பழகிய இடத்தை விட்டார். பல தலைமுறை எழுதாமல் விட்ட கணக்கைக் கடைசித் தலைமுறை மொத்தமாகக் கட்ட நேர்ந்தது. தொடக்கத்திலிருந்தே ஒவ்வொருவரும் தன் வாளியைத் தன் கணக்கில் எழுதி வந்திருந்தால், அந்தக் கடைசித் தலைமுறைக்கு அவ்வளவு பெரிய சீட்டு வந்திருக்குமா? நம் பிள்ளைகளுக்கு நாம் வைத்துப் போகும் கடையில் பாக்கி எவ்வளவு என்று நினைத்துப் பார்க்க வேண்டாமா?

சில ஆட்சேபங்கள்

இங்கே வணிகப் பெருமக்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபங்கள் உண்டு. அவற்றைத் தட்டிக் கழிப்பது நியாயமன்று.

"குப்பை எடுப்பவனுக்கு மாதா மாதம் கூலி கொடுக்கிறேன். அதன்பின் என் பொறுப்பு ஏது?" என்பது முதலாவது. கூலி கொடுப்பது நல்லது. கடமையின் பெரும்பகுதி அதனால் தீரும். ஆனால் முழுவதும் தீராது. சரக்கை லாரியில் ஏற்றிவிட்ட மாத்திரத்தில், சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததா என்று விசாரிக்காத வணிகர் உண்டா? 2019 மார்ச்சில் ஜொகூர் மாநிலம் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரவோடு இரவாக ரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. எழுந்த நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர், அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள், மருத்துவம் நாட நேர்ந்தது. 111 பள்ளிகள் மூடப்பட்டன. வழக்கு, லாரி ஓட்டியவரோடு நிற்கவில்லை. நிறுவன இயக்குநர்கள் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. மிகக் குறைந்த கூலி கேட்பவன் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்று கேளாதிருப்பது, திருட்டுச் சரக்கை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவதற்கு ஒப்பாகும்.

"பெரிய ஆலைகளை விட்டுவிட்டு, ஒட்டுக்கடைக்காரனைப் பிடிப்பானேன்?" என்பது இரண்டாவது. இதில் நியாயம் நிறைய இருக்கிறது. கெடுத்த அளவுக்கே பொறுப்பும் இருக்க வேண்டும். பத்து வெள்ளிக் கடனுக்கும் பத்து லட்சம் வெள்ளிக் கடனுக்கும் ஒரே வசூல் முறை கூடாது. 2020 செப்டம்பரில் சிலாங்கூரில் கோங் ஆற்றில் கலந்த தொழிற்சாலைக் கழிவால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் நீரின்றி வறண்டன. சாப்பாட்டுக் கடைகள் எத்தனை அன்று பூட்டிக் கிடந்தன! பெரியவனைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெரியவனின் கடன் பெரியது என்பதால் நம் கடன் தள்ளுபடி ஆகிவிடாது. கேட்கும் நாக்குச் சுத்தமாக இருந்தால்தான் கேள்விக்கும் வலு உண்டு.

"இதெல்லாம் செலவு பிடித்த காரியம். நான் மட்டும் செய்தால் எதிர்க்கடைக்காரன் மலிவாக விற்பான், என் கடை மூடப்படும்" என்பது மூன்றாவது. மூன்றிலும் கனமானது இதுவே. நாணயமானவன் நஷ்டப்படுவதும் நாணயமற்றவன் லாபம் அடைவதும் எந்தச் சந்தையையும் கெடுத்துவிடும். ஆனால் எதிர்க்கடைக்காரனின் மலிவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எண்ணெயை லோங்காங்கில் ஊற்றுகிறவன் தன் செலவில் ஒரு பகுதியை ஊர் தலையில் கட்டிவிட்டு, மீதியை மட்டும் விலையில் காட்டுகிறான். அது மலிவு விலை அன்று, குறை எடைக்கல். தராசில் குறை வைப்பவனைச் சந்தையை விட்டே விலக்க வேண்டும் என்போம்; இதற்கும் அதே நீதிதான் பொருந்தும்.

அதற்கு வழி, எல்லோருக்கும் ஒரே விதி. பினாங்கில் 2011 முதல் பிளாஸ்டிக் பையை இலவசமாகக் கொடுக்காமல் 20 காசு வாங்கும் விதி வந்தது. சிங்கப்பூரில் 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகள் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. தனியாக ஒரு கடை செய்திருந்தால் வாடிக்கையாளர் முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போயிருப்பார். எல்லோரும் செய்ததால் மக்களும் வீட்டிலிருந்தே பை கொண்டுவரப் பழகிக்கொண்டார்கள். நல்ல விதி நல்லவனுக்குத் துணை. ஆகவே இத்தகைய விதிகள் வரும்போது "வியாபாரத்துக்கு இடைஞ்சல்" என்று முதற் குரல் கொடுப்பது நாணயமான வணிகன் செய்யத்தக்கதன்று. விதி நியாயமானதாகவும் சிறுவணிகனுக்கு அவகாசம் தருவதாகவும் இருக்கும்படி கேட்பதே அவன் வேலை. சிங்கப்பூர்த் தெருவோரக் கடைக்காரர்களுக்குக் குழாய்நீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள அங்காடி நிலையங்கள் கட்டிக் கொடுக்கப்பட்டன. வழியைக் காட்டாமல் கடமையை மட்டும் சொல்வது அரைகுறை நீதி.

வானமும் ஒரு சாக்கடையோ?

நீருக்குச் சொன்னது காற்றுக்கும் பொருந்தும். 1958-இல் ஹவாய்த் தீவின் மலை ஒன்றில் காற்றிலுள்ள கரியமிலவாயுவை அளக்கத் தொடங்கினார்கள். அப்போது பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து உண்டான கழிவு அது. பூமியைச் சுற்றிக் கம்பளியாய்ப் போர்த்து உஷ்ணத்தை உயர்த்துகிறது. வானத்துக்கும் கபூல் சொல்லும் வாய் இல்லை.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஒரு காலத்தில் குளிர்ப்பெட்டிகளில் நிரப்பிய வாயு மேலே சென்று, சூரியனின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரித்தது. 1987-இல் மொன்ட்ரியல் நகரில் உலக நாடுகள் கூடி அந்த வாயுக்களைக் கைவிட ஒப்பந்தம் செய்தன; பிற்பாடு உலக நாடுகள் யாவும் அதில் சேர்ந்தன. படலம் மெல்ல மெல்லத் தேறி வருகிறது. குளிர்ப்பெட்டி வியாபாரம் அழிந்துபோயிற்றா? இல்லையே! சரக்கு மாறிற்று, வியாபாரம் நடக்கிறது. ஆனால் மாற்றாக வந்த வாயுக்களில் சில, கரியமிலவாயுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு உஷ்ணத்தைப் பிடித்து வைப்பவை. ஆதலால் கடைக் குளிர்ப்பெட்டியில் கசிவு இருந்தால் உடனே பழுது பார்ப்பதும், பழைய பெட்டியை வாயுவைத் திறந்துவிட்டு உடைக்க விடாமல் முறையாக ஒப்படைப்பதும் நம் கணக்கில் சேர்ந்தவையே.

நாம் செய்யக்கூடியது

பெரிய காரியங்களைச் சொல்லி மலைக்க வைப்பது நோக்கமன்று. கடையில் செய்யக்கூடியவை எளியவை. பொரித்த எண்ணெயைத் தகரத்தில் சேர்த்து வைத்தால் அதை விலைக்கு வாங்கிக்கொள்வோர் உண்டு, எரிபொருளாக மாற்றுகிறார்கள். அது உண்மையில் எரிபொருள் ஆலைக்குத்தான் போகிறதா, மறுபடி சமையலுக்குத் திருப்பப்படுகிறதா என்று மட்டும் விசாரித்துக் கொடுக்க வேண்டும். சமையலறைக் குழாயில் எண்ணெய் பிடிக்கும் தொட்டியை நாள் தவறாமல் வழிக்க வேண்டும். பாத்திரம் கழுவுமுன் எச்சிலைத் துடைத்துத் தொட்டியில் போட வேண்டும். திரிந்த பாலை லோங்காங்கில் ஊற்றலாகாது. ஐந்தடியைக் கழுவிய நீரைக் கழிவுநீர்த் துவாரத்தில் விட வேண்டும். கடைப்பையன்களுக்கு இதைச் சொன்னால் மட்டும் போதாது. ஏன் என்றும் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தவன் முதலாளி பார்க்காத நேரத்திலும் செய்வான். பத்துக் கடைகள் சேர்ந்து ஒரே ஆளிடம் எண்ணெயும் அட்டையும் ஒப்படைத்தால் கூலி குறையும். இந்த வேலையைச் சங்கங்கள் எடுத்து நடத்தலாம்.

இறுதியாக ஒரு சொல். நம்மிடம் பணம் கொடுத்து வைத்தவன் ஊருக்குப் போய்விட்டாலும், சீட்டே எழுதாவிட்டாலும், அவன் பொருளை அமானிதமாகக் காத்துத் திருப்பிக் கொடுத்த முன்னோர்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். சாட்சி இல்லாத இடத்தில் காத்த நாணயம் அது. நீரும் காற்றும் மண்ணும் அவ்வாறே சீட்டு எழுதாமல் நம் கையில் வந்தவை. கொடுத்து வைத்தவர்கள் நமக்குப் பின் வரப்போகிறவர்கள். அவர்கள் இன்னும் பிறக்கவில்லை. கடைவாசலில் வந்து நின்று கணக்குக் கேட்க மாட்டார்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் கணக்கைச் சரியாக வைப்பவனே வணிகன்.

இன்றிரவு கல்லாவை எண்ணி முடித்தபின், பேரேட்டை மூடுமுன், இன்று என் வாசலைத் தாண்டிப் போனது எங்கே போயிற்று என்ற ஒரு வரியையும் நம் உள்ளத்தில் எழுதிப் பார்ப்போமாக!